தொகைக்கு முன்னால் ஒரு குறி

போன மாதம் மாடிப் போர்ஷனுக்குப் புது வாடகை ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. கோர்ட்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் உட்கார்ந்து எழுதி வாங்கினேன். தட்டச்சு செய்த பெண் சுறுசுறுப்பு. திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. பிரிண்டர் வேறொரு கணினியில் இருந்ததால் அங்கே கொண்டுபோய் அச்செடுத்தார். தாளைப் பார்த்தால், அட்வான்ஸ் தொகைக்கு முன்னால் ₹ இல்லை. அந்த இடத்தில் ` என்று சாய்ந்த ஒரு சின்னக் கோடு. வாடகைக்கு முன்னாலும் அதே கோடுதான்.

"சார், பிரிண்டர் மக்கர் பண்ணுது போல" என்றார்.

"பிரிண்டர் நல்லாத்தான்மா இருக்கு. நீ அடிச்ச எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல" என்றேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். எழுபத்தைந்து வயதுக் கிழவனுக்கு இது எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பார். இந்தக் குறியோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம் உண்டு. ஒரு கடனும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. நம் வீடுகளில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமோ, அடமானச் சீட்டோ, கடைக் கணக்கு நோட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே தொகை வருகிற இடத்தில் ௹ என்று ஓர் எழுத்து இருக்கும். 'ரூ' என்பதையே கையை எடுக்காமல் சுழித்து எழுதியது போலத் தெரியும். அதுதான் தமிழில் ரூபாய்க்குறி. அதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. ஒரு கணக்குப்பிள்ளை இந்த ஏழெட்டுக் குறிகளை வைத்துக்கொண்டே ஒரு வருடக் கணக்கை எழுதி முடித்துவிடுவார்.

இவை எல்லாம் அவசரத்துக்குப் பிறந்த சுருக்கெழுத்து என்று இளமையில் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. மறுபாதி, எந்தப் பணம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் அந்தக் காலத்தில் அதற்கு அர்த்தமே கிடையாது.

கம்பெனி ஆட்சிக்காலத்தில் சென்னை மாகாணத்தின் கணக்கு ரூபாயில் இல்லை. வராகன், பணம், காசு என்று மூன்று அடுக்கு. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் கம்பெனி இதை ரூபாய்க்கு மாற்றியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது விகிதம். அதுவரை வராகனில் இருந்த கடனும் வரியும் ரூபாய்க்கு வந்தன. அப்போது ஏட்டில் '100' என்று மட்டும் எழுதி வைத்திருந்தவன் கதி என்ன ஆகும்? வராகனா ரூபாயா என்பதில் மூன்றரை மடங்கு வித்தியாசம்.

ரூபாய் வந்த பிறகும் அடுக்கு போகவில்லை. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. மொத்தம் 192 பை. ஐந்தரை ரூபாயை 5-8-0 என்று கோடு போட்டு எழுதுவார்கள். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது நம் வயதுக்காரர்களுக்கு மங்கலாக நினைவிருக்கும். எனக்கு அப்போது ஏழு வயது. நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50 என்பது சுலபம். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வரும். அந்தக் காலுக்கு நாணயம் கிடையாது. அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். ஓரணாச் சாமான் இரண்டு தடவை வாங்கினால் ஒரு கணக்கு, மூன்று தடவை வாங்கினால் இன்னொரு கணக்கு என்று கடைவாசலில் நடந்த வாக்குவாதங்கள் கொஞ்சமா!

இது ஒரே நாட்டுப் பணத்தில் வந்த தொல்லை. பல நாட்டுப் பணத்தை ஒரே பேரேட்டில் கட்டி மேய்த்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். மதுரைக்குக் கிழக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் காரைக்குடிச் சீமையின் நகரத்தார்களைத்தான் சொல்கிறேன். ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று அவர்கள் கடை வைத்திருந்தார்கள். அங்கிருந்து முகவர்கள் ஊருக்கு ஐந்தொகை அனுப்புவார்கள். ரங்கூன் கணக்கு நம் ரூபாயிலேயே இருக்கும். 1937 வரை பர்மா இந்தியாவோடு இருந்தது. சைகோன் கணக்கு பியாஸ்டரில் இருக்கும். மலாயாக் கணக்கு டாலரில் இருக்கும். நம் ஜனங்கள் அதை 'வெள்ளி' என்றார்கள். இன்றைக்கும் மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

கொழும்புக் கணக்குதான் விசேஷம். அங்கும் ரூபாய், இங்கும் ரூபாய். ஆனால் இலங்கையில் 1872-லேயே ரூபாயை நூறாகப் பிரித்துவிட்டார்கள். அந்தச் சில்லறைக்குத் தமிழில் 'சதம்' என்று பெயர். நாம் 1957 வரை அணாவைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆக 85 வருடம், பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே பெயரில் ரூபாய். இந்தப் பக்கம் உடைத்தால் 16 அணா, அந்தப் பக்கம் உடைத்தால் 100 சதம். அணா, சதம், வெள்ளி என்ற தமிழ்ச் சொற்களே எந்த ஊர்ப் பணம் என்று காட்டிக் கொடுத்துவிடும். சொல்லே குறியாக நின்றது.

மாற்று விகிதமும் நிலையாக நிற்காது. முதல் உலகப் போருக்கு முன்னால் ஒரு மலாயா வெள்ளி இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ், நம் ரூபாய் ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ். கணக்குப் போட்டால் 100 வெள்ளிக்கு 175 ரூபாய். 1927-இல் நம் ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று உயர்த்தி நிர்ணயித்தார்கள். வெள்ளி அப்படியே இருந்தது. ஆனால் அதே 100 வெள்ளிக்கு இப்போது 155 ரூபாய் 9 அணாதான். மலாயாவில் ஒரு காசு குறையாமல் வசூலானாலும் ஊர்க் கணக்கில் இருபது ரூபாய் இறங்கிவிடும். எந்தப் பணம், எந்தத் தேதி விகிதம் என்று எழுதி வைக்காத கணக்குப்பிள்ளை திருடன் பட்டம் வாங்கியே தீர வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சும்மா எழுதவில்லை. இனி என் கதை.

நான் 1972-இல் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், நிறுவனம் இப்போது இல்லை. எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். மாலை வகுப்பில் படித்து நானே அதற்குப் பொறுப்பாளன் ஆனேன். ஃபாக்ஸ்புரோவில் புரோகிராம் எழுதுவேன். இரவு ஒன்பது மணி வரை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ர் கர்ர் என்று ஓடும்.

அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு மொத்தம் 256 இடம். அமெரிக்க டாலருக்கு $ உண்டு. பிரிட்டிஷ் பவுண்டுக்கு £, ஜப்பான் யென்னுக்கு ¥ உண்டு. ஸ்பெயின் நாட்டுப் பெசெட்டாவுக்குக்கூட ஒரு குறி இருந்தது. இத்தனை கோடிப் பேர் புழங்கும் ரூபாய்க்கு இல்லை. தமிழ் எழுத்துக்கே இடமில்லாத இடத்தில் ௹-ஐ யார் தேடுவார்கள்? ஆங்கிலத்தில் ஆர், எஸ், ஒரு புள்ளி என்று மூன்று இடம் செலவழித்து ரூபாய் என்று எழுதுவோம்.

இருக்கிற குறிகளும் ஒழுங்காக அச்சாகாது. பிரிண்டருக்குள் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் இருக்கும். எந்த நாட்டு எழுத்து வரிசை என்பதை அவைதான் தீர்மானிக்கும். அமெரிக்க வரிசையில் # வருகிற அதே எண்ணுக்கு, இங்கிலாந்து வரிசையில் £ வரும். ஒரு நாள் மெக்கானிக் வந்து சுத்தம் செய்துவிட்டு ஸ்விட்சை மாற்றி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பில் எண்களுக்கு முன்னால் எல்லாம் பவுண்டு! #1204 என்ற பில், ஆயிரத்து இருநூற்று நாலு பவுண்டாகத் தாளில் நின்றது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

சிரிக்க முடியாதது 1996-இல் நடந்தது.

நிறுவனத்துக்குக் கொழும்பில் ஒரு விற்பனை முகவர் இருந்தார். சுங்குடியும் கைலியும் போகும். அவர் மாதாமாதம் வசூல் கணக்கை இலங்கை ரூபாயில் அனுப்புவார். அதை எங்கள் பெரிய கணக்குப்பிள்ளை கையால் பதிவார். அறுபதைத் தொட்ட மனிதர். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். அவருடைய பேரேட்டில் அந்த வரிகளுக்கு முன்னால் மட்டும் 'கொ.ரூ.' என்று இருக்கும். கொழும்பு ரூபாய் என்று அர்த்தம்.

கிளை வசூலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது அவர் என்னிடம் கேட்டார். "தம்பி, கொழும்பு வரவுக்குத் தனிக் குறி போட்டிருக்கீங்களா?"

"ஐயா, ரெண்டும் ரூபாதானே. கம்ப்யூட்டர்ல ஒரே குறிதான் இருக்கு" என்றேன்.

"ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான். ஆனா ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளை இல்லப்பா."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்ற இளக்காரம் எனக்கு.

அப்போது நூறு இலங்கை ரூபாய்க்கு நம் பணத்தில் 64 ரூபாய் போல வரும். அந்தக் காலாண்டில் கொழும்பு வசூல் 4,80,000 இலங்கை ரூபாய். நம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது 3,07,200. என் புரோகிராம் திருச்சி, திருநெல்வேலி, நாகர்கோவில், கொழும்பு எல்லாவற்றையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டி, கீழே ஒரே மொத்தம் காட்டியது. 1,72,800 ரூபாய் குறைகிறது. பத்துப் பன்னிரண்டு கிளைகளின் மொத்தத்துக்குள் அது புதைந்து கிடந்ததால் எந்தக் கிளையில் குறைகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. தாள் பளிச்சென்று அச்சாகியிருந்தது. கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகாது என்று எல்லோரும் நம்பிய காலம். மிச்சம் இருந்தது கையால் எழுதுகிற மனிதர்தான். சந்தேகம் அவர் மேல் விழுந்தது.

மூன்று வாரம். யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. இரும்புப் பெட்டிச் சாவியை மட்டும் அவரிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவர் வழக்கம்போலக் காலை ஒன்பதுக்கு வந்து, மாலை ஏழுக்குப் போனார். மதியச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

கடைசியில் அவரே கண்டுபிடித்தார். என் கம்ப்யூட்டர் தாளையும் தன் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டு வந்து, 'கொ.ரூ.' வரிகளில் நிறுத்தினார். என் மேஜைக்கு வந்து பேரேட்டை விரித்து விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

அன்று இரவே புரோகிராமைத் திருத்தினேன். ஆனால் 'தப்பு என்னுடையது' என்று முதலாளி முன்னால் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் சாவி அவரிடம் திரும்பவில்லை. அந்த வருடமே அவர் ஓய்வு பெற்றுக்கொண்டார். இப்போது அவர் இல்லை. நான் செய்த தப்பைவிட, அதைச் சொல்லாமல் கடத்திய அந்த ஏழு நாள்தான் இன்றும் உறுத்துகிறது.

திருத்தம் ரொம்பச் சின்னது. உலகத்தில் இதற்கு 1978-லேயே வழி செய்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஐ.எஸ்.ஓ. 4217 என்று ஒரு தரம். ஒவ்வொரு பணத்துக்கும் மூன்று எழுத்து. முதல் இரண்டு பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும், மூன்றாவது பணத்தைக் குறிக்கும். நம் ரூபாய் ஐ.என்.ஆர்., இலங்கை ரூபாய் எல்.கே.ஆர்., பாகிஸ்தான் பி.கே.ஆர்., நேபாளம் என்.பி.ஆர்., மொரிஷியஸ் எம்.யு.ஆர். இத்தனை நாடுகளில் ரூபாய் இருக்கும்போது வெறும் 'ரூ' எதைச் சொல்லும்? 1959-இல் நம் ரிசர்வ் வங்கியே வளைகுடா நாடுகளில் புழங்குவதற்கென்று தனி ரூபாய் நோட்டு வெளியிட்டதுண்டு. பெரிய கணக்குப்பிள்ளையின் 'கொ.ரூ.'வும் இந்த ஐ.எஸ்.ஓ. தரமும் சொல்வது ஒன்றைத்தான். நான் அன்றைக்கு எழுதிக்கொண்ட விதிகளும் அவருடைய பேரேட்டிலிருந்து எடுத்தவைதான். குறி ஒவ்வொரு வரிக்கும் சொந்தம். பக்கத்துக்குத் தலைப்பில் ஒரு தடவை போட்டால் போதாது. வெவ்வேறு பணத்தை ஒன்றாகக் கூட்டக்கூடாது. தனித்தனியே கூட்டி, மாற்றிய பிறகே மொத்தம். மாற்றிய விகிதமும் தேதியும் தாளிலேயே இருக்க வேண்டும்.

பிறகு காலம் மாறியது. 1999-இல் ஐரோப்பாவில் யூரோ கணக்கில் வந்தது. 2002-இல் கைக்கு நோட்டாக வந்தது. அவர்கள் பணத்தோடு சேர்த்தே € என்ற குறியையும் உண்டாக்கிக்கொண்டார்கள். நமக்கும் ஒரு குறி வேண்டும் என்று 2009-இல் மத்திய அரசு போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கும் மேல் வடிவங்கள் வந்து, ஐந்து கடைசிச் சுற்றுக்குப் போயின. 2010 ஜூலை 15 அன்று மந்திரிசபை ஏற்றுக்கொண்டது, நம் தமிழ்நாட்டுக்காரர் த. உதயகுமார் வரைந்ததை. தேவநாகரி 'ர'வையும் ஆங்கில ஆர் எழுத்தையும் இணைத்த வடிவம். அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்தது தமிழ் எழுத்துருக்களைப் பற்றித்தான். மறுவருடம் நாணயங்களிலும் அந்தக் குறி ஏறியது.

ஆனால் குறி பிறந்த அன்றைக்குக் கம்ப்யூட்டரில் அதற்கு வீடு இல்லை. மங்களூரைச் சேர்ந்த ஃபொரேடியன் என்ற நிறுவனம் சில நாளிலேயே ஓர் எழுத்துருவை இலவசமாகத் தந்தது. விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்கோட்டுக் குறியின் இடத்தில் ₹-ஐ உட்கார வைத்தார்கள். அவசரத்துக்கு நல்ல வழிதான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் ₹ தெரியும். இல்லாத கணினியில் பழைய சாய்கோடுதான். அதே வருடம் அக்டோபரில் யூனிகோடு 6.0 பதிப்பில் ₹-க்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் பழைய பழக்கம் லேசில் விடுமா? பதினைந்து வருடம் கழித்து அந்தச் சாய்கோடு என் வாடகை ஒப்பந்தத்தில் வந்து நிற்கிறது.

இன்னொரு சங்கதி. நம் ௹ இருக்கிறதே, அது 2003-லேயே, அதாவது ₹ பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே, பற்று வரவுக் குறிகளோடு யூனிகோடில் இடம்பிடித்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினோம்? 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் ₹-க்குப் பதில் 'ரூ' என்று போட்டார்கள். டி.வி.யில் இரண்டு நாள் சண்டை. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ₹ ஆனாலும், ரூ ஆனாலும், ௹ ஆனாலும், படிக்கிறவனுக்கு எந்தப் பணம் என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்றைக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. பல மென்பொருள்கள் பணக்குறியைத் தொகையோடு சேர்த்து வைப்பதில்லை. கணினி எந்த நாட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த நாட்டுக் குறியைப் போட்டுவிடும். மதுரையில் ₹5,00,000 என்று தெரிகிற தாள், அமெரிக்காவில் இருக்கும் மகனுடைய கணினியில் $500,000 என்று திறக்கலாம். காற்புள்ளி இடம் மாறினால் பாதகமில்லை. லட்சக் கணக்கு ஆயிரக் கணக்கானது, அவ்வளவுதான். குறி மாறினால் எண்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். பிள்ளைகளுக்கு வரவு செலவு அனுப்புகிற நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது இது. எண்ணோடு 'இந்திய ரூபாய்' என்று ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

எழுத்தில் எழுதுவது சும்மா சம்பிரதாயம் இல்லை. 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, காசோலையிலும் புரோநோட்டிலும் எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது.

டி.டி.பி. கடைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம் சாய்கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் 'ரூ.' என்று தமிழிலேயே அடித்து, பக்கத்தில் 'ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்' என்று எழுத்திலும் போடச் சொன்னேன். "எதுக்கு சார் ரெண்டு தடவை?" என்றார்.

"எனக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாரும்மா. நான்தான் கேக்காம விட்டுட்டேன்" என்றேன்.

புது அச்சு வந்தது. சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரு டிக் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.